அழித்தாலும் திரும்பி வந்த பெயர்கள்

தாமிரச் சுரங்க நகரமான கிட்வேயில் மின்சாரம் எப்போது வரும் என்று பார்த்துத்தான் லோம்பே துணி தேய்ப்பாள், தலைக்குக் குளிக்கத் தண்ணீர் காய்ச்சுவாள், கணினி நிரலைத் திருத்துவாள். சிம்வெம்வே குடியிருப்பில் அண்ணன் கபாசோவின் வீட்டுப் பின்னறைதான் அவள் உலகம். பகலில் தொழிற்கல்லூரியில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுப்பாள். மிச்சப் பொழுதெல்லாம் கன்டெம்பாவுக்குப் போய்விடும்.

கன்டெம்பா என்றால் அந்த ஊரில் பெட்டிக்கடை. பலகையும் தகரமும் வைத்து அடித்த, சோப்பும் தீப்பெட்டியும் விற்கிற கடை. பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் லோம்பேயும் அவள் நண்பன் சிபாஷாவும் சேர்ந்து ஒரு தரவுத்தளம் எழுதினார்கள். அதற்குப் பெரிய கணினி வேண்டாம், எப்போதும் சிக்னல் வேண்டாம், மலிவான செல்போனிலேயே உட்கார்ந்துகொள்ளும். காட்டுக்குள் இருக்கும் ஊர்களில் பதிவுகளைத் தனக்குள் வைத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் மற்ற போன்களோடு ஒத்துப்பார்த்து எல்லாவற்றையும் ஒன்றாக்கும். "நம்மது பெட்டிக்கடைதான், ஆனா எல்லா முக்குலயும் நிக்கும்" என்று சிபாஷா சொன்னதால் அந்தப் பெயரே நிலைத்தது.

யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இணையத்தில் திறந்து வைத்தார்கள். மலாவியில் எடுத்தார்கள், காங்கோவில் எடுத்தார்கள். லோம்பே வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ஊர்களிலும் எடுத்தார்கள். பெரும்பாலும் சுகாதாரத் தொண்டர்கள். எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி, எந்த வீட்டில் யார் கர்ப்பம் என்று போனில் பதிந்துகொண்டு நடப்பவர்கள். ஒருவர் பிழை என்று எழுதுவார், இன்னொருவர் திருத்தம் அனுப்புவார். லோம்பே படித்துப் பார்ப்பாள், ஓட்டிப் பார்ப்பாள். சரியென்றால் சேர்ப்பாள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று பணிவாகப் பதில் எழுதுவாள். ஒரு ஓட்டையை அடைத்தால் அடுத்த வாரம் இன்னொன்று. தீராத வேலை.

"உலகத்துக்கே சும்மா உழைக்கிற மகராசி, இந்த வீட்டுக் குழாயையும் கொஞ்சம் திருத்திக் குடேன்" என்பான் கபாசோ. சுரங்கத்தில் மின்பணியாளன். தங்கையைச் சீண்டாமல் அவனுக்குச் சோறு இறங்காது.

"குழாய்க்கு யாராவது பிழைன்னு எழுதிக் குடுத்தாங்களா? எழுதிக் குடு, பாக்கறேன்" என்பாள் இவள்.

பதிவுகளை ஒன்றாக்கும் பகுதி முழுக்க சிபாஷா எழுதியது. அதுதான் கன்டெம்பாவின் உயிர். அவன் விளக்கம் எழுதுகிற ஆளில்லை. அந்தக் கோப்பின் உச்சியில் ஒரே ஒரு குறிப்பு வைத்திருந்தான். "லோம்பே, இங்கே கைவைக்காதே, என்னைக் கேள்." அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், இந்தோலா சாலையில் அவன் போன மினிபஸ் தாமிரத் தகடு ஏற்றிய லாரிக்குப் பின்னால் போய்ச் செருகும்வரை.

சிபாஷா பிழைத்துக்கொண்டான். நடப்பான், சாப்பிடுவான், சிரிப்பான், பழைய பாட்டெல்லாம் பாடுவான். ஆனால் காலையில் நடந்தது மத்தியானம் நினைவிருக்காது. ஒரு கணக்கைத் தொடங்கினால் பாதியில் கை நழுவிப் போய்விடும். வேலை போயிற்று. மனைவி முத்தாலே சிசோகோனே சந்தையில் கருவாடு விற்றுக் குடும்பத்தை இழுத்தாள்.

விபத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் எதுவும் ஆகவில்லை. பிறகு மழை பொய்த்தது, அணையில் தண்ணீர் இறங்கியது, மின்வெட்டு நாள் முழுக்க நீண்டது. அப்போதுதான் லுஃப்வான்யாமாவிலிருந்து கசுபா போன் பண்ணினான். அந்தப் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் பதிவுகளைக் கவனிப்பவன்.

"அக்கா, ஒரு விஷயம். சிரிக்கக்கூடாது."

"சொல்லு."

"செத்துப்போனவங்க திரும்பி வர்றாங்க."

லோம்பே சிரிக்கவில்லை. அவன் சொல்லி முடிப்பதற்குள்ளேயே பிழை எங்கே என்று அவளுக்குப் பிடிபட்டது.

ஒரு பதிவை அழித்தால் கன்டெம்பா அதை வெறுமனே தூக்கி எறிந்துவிடாது. "இது அழிந்தது" என்று ஒரு குறி வைக்கும். அந்தக் குறி போன்போனாகப் பரவும். எல்லா போன்களும் பார்த்தாயிற்று என்றானதும், இடம் அடைக்க வேண்டாமென்று குறியையும் துடைத்துவிடும். நெடுநாள் வாய் திறக்காத போனைத் தொலைந்தது என்று கணக்கில் விட்டுவிடும். இப்போது மின்வெட்டில் சார்ஜ் போட வழியில்லாமல் பல போன்கள் மாதக்கணக்கில் அணைந்து கிடந்தன. தொலைந்ததாக நினைத்த போன் ஒரு நாள் உயிர்பெற்று வந்தால், அதற்குள் பழைய பதிவுகள் அப்படியே இருக்கும். மற்ற போன்களில் குறி இல்லை. புதுப் பதிவு என்று நினைத்து எல்லாமே ஏற்றுக்கொள்ளும்.

"எத்தனை பேர்?" என்று கேட்டாள்.

"அத விடுங்கக்கா. ஒரு வீட்டுக்கு நீங்க வரணும். நான் சொல்லிப் பாத்துட்டேன், என்னால முடியல."

சனிக்கிழமை லோம்பே போனாள். கலுலுஷி வரைக்கும் பஸ், அதற்குப் பிறகு சரக்கு வண்டி, கடைசியில் நடை. பானா சோலா என்கிற தொண்டர் அவளை அழைத்துப் போனாள். பானா என்றால் அம்மா, சோலா என்பது மூத்த பையன் பெயர். பெற்ற தாயைப் பிள்ளை பெயரால்தான் அங்கே கூப்பிடுவார்கள். நல்ல வாயாடி, ஆனால் அன்று வழியெல்லாம் பேசவில்லை. அந்த ஊருக்கு அவள் புதுசு. பழைய தொண்டர் கணவனோடு சொல்வேசிக்குக் குடிபோய்விட்டதால் அவள் இடத்துக்கு வந்தவள்.

"முதல் தடவ போன் சொல்லிச்சு, மபாலோன்னு ஒரு குழந்தைக்கு அம்மை ஊசி பாக்கின்னு" என்றாள், கடைசி வளைவில் நின்று. "போய்க் கேட்டேன். அந்தக் குழந்தை போயிடுச்சும்மான்னு அவங்க அப்பா நல்லவிதமாத்தான் சொன்னாரு. மன்னிப்புக் கேட்டு அழிச்சிட்டு வந்துட்டேன். அடுத்த மாசம் மறுபடி காட்டுது. ஒரே பேர்ல ரெண்டு பேரு இருப்பாங்க, இது வேற மபாலோ போலன்னு நெனச்சுப் போனேன். அதே வீடு. மனுஷன் கதவச் சாத்திட்டாரு. போன வாரம் எனக்கு முன்னால இருந்த சிலோலோவோட பழைய போன் சார்ஜ் ஏறி வந்துச்சு, மறுபடியும் அதே பேரு. நான் போகல. பக்கத்து ஊர்த் தொண்டர் ஒருத்தி போயிருக்கா, அவளுக்கு விஷயம் தெரியாது. அதுக்கப்புறம் ஊருல யாரும் எங்களோட பேசறதில்ல."

மபாலோவின் அப்பா கலுங்காவின் வீடு அது. முற்றத்தில் மரவள்ளிக் கிழங்கை உரித்துக்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள், சட்டைப் பொத்தான் எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தார். லோம்பே மண்டியிட்டுக் கைதட்டி வணக்கம் சொன்னாள். அவரும் பதிலுக்குத் தட்டினார். மரியாதையில் எந்தக் குறையும் வைக்கவில்லை.

"ஐயா, நான் கிட்வேலேருந்து வர்றேன். அந்தப் போன்ல இருக்கிற... அத எழுதினது நாங்கதான். தப்பு எங்க மேல. இந்த அம்மா மேல இல்ல."

"எழுதினதுன்னா?"

"பேரெல்லாம் வெச்சுக்கிற அந்தப் பொட்டி."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, குடிசைக் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார்.

"உள்ள வா" என்றார்.

லோம்பே நகரவில்லை.

"வாம்மா. உள்ள வந்து அவளக் கூப்பிடு. நாங்க கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டோம். உங்க பொட்டிக்குத்தான் அவ உசுரோட இருக்காளே. நீ கூப்பிட்டு அவ வந்தா, ஊசி போட்டுட்டுப் போ."

கோபத்தில் சொன்னதாகவும் தெரியவில்லை. கதவைப் பிடித்தபடி உண்மையிலேயே காத்திருப்பதுபோல நின்றார். உள்ளேயிருந்து ஒரு பெண் இருமும் சத்தம் கேட்டது. பானா சோலா துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவரே கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து கிழங்கை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான். அவர்கள் எழுந்து வந்தார்கள்.

திரும்பி வந்த லோம்பே சிபாஷாவின் கோப்பைத் திறந்தாள். கைவைக்காதே என்றவனைக் கேட்க வழியில்லை, அதனால் கைவைத்தாள். வாரக்கணக்கில் படித்தாள். விபத்துக்கு முன்பே அவனுக்கு இந்தச் சிக்கல் தெரிந்திருக்கிறது என்பது மெல்லத்தான் விளங்கியது. ஒரு தனிக் கிளையில் வேறொரு வழியை எழுதத் தொடங்கியிருந்தான். தாமதமாக வரும் போனில் எது பழசு, எது அந்தப் போன் அணைவதற்குமுன் புதிதாகப் பதிந்தது என்று பிரித்தறியும் கணக்கு. அழகாகப் போய்க்கொண்டிருந்த கணக்கு ஒரு வரியின் நடுவில் நின்றிருந்தது. அதற்கப்புறம் எதுவும் இல்லை. அது எங்கே போகப் பார்த்தது என்று லோம்பேயால் ஊகிக்க முடியவில்லை. உதவி கேட்டு இணையத்தில் எழுதினாள். படித்துப் பார்த்த ஒரு சிலரும் புரியவில்லை என்றுதான் எழுதினார்கள்.

முன்பு ஓரிரு முறை காட்டிப் பார்த்ததுதான், ஆனாலும் வேறு வழி தெரியாமல் மறுபடியும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சிபாஷா வீட்டுக்கே போனாள்.

அவன் மாமரத்தடியில் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாடி லோம்பே! என்ன இவ்ளோ இளைச்சுப் போயிட்ட? உங்கண்ணன் நிஷிமாக் களி போடறதில்லயா?"

"போடறான், கூடவே திட்டும் போடறான்" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து திரையைக் காட்டினாள். "இதப் பாரேன். இங்க என்ன பண்ண வர்றாங்கன்னு தெரியுதா?"

அவன் தோலைத் தட்டிவிட்டுக் குனிந்து பார்த்தான். கண் வரிகளின்மேல் ஓடியது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவன் நெற்றி பழையபடி சுருங்கியது. வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் விடை கண்டுபிடிக்கும்போது சுருங்குமே, அதேபோல. லோம்பே திரையை இன்னும் அருகே நகர்த்தினாள்.

"நல்லா எழுதியிருக்கானே" என்றான். "யாரு எழுதினது?"

"நீதான்."

"போடி, பொய் சொல்லாத." சிரித்தான். "நல்ல கைகாரன்தான். ஆனா பாரு, பாதியில விட்டுட்டுப் போயிட்டான். சோம்பேறிப் பய. அவனக் கூட்டிட்டு வந்து முடிக்கச் சொல்லு."

"சொல்றேன்."

"எதுக்கு இது?"

மறுபடி முதலிலிருந்து சொன்னாள். போன், குறி, அணைந்து கிடந்து திரும்பி வருவது. அவன் கவனமாகக் கேட்டான், நடுவில் நல்ல கேள்விகூட ஒன்று கேட்டான். பதிலைச் சொல்லி முடிப்பதற்குள் கேள்வி அவனுக்கு மறந்துவிட்டது. பிறகு தலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

சந்தையிலிருந்து வந்த முத்தாலே கூடையை இறக்கிவைத்துவிட்டு இவளைத் தனியே அழைத்தாள். அவள்மேல் கருவாட்டு வாசனையும் வெயிலும் இருந்தன.

"லோம்பே, நீ வந்தா அவருக்குச் சந்தோஷம், எனக்கும்தான். ஆனா அந்தப் பொட்டியக் கொண்டு வராத. நீ போனப்புறம் ரெண்டு நாளைக்கு எதையோ தொலைச்சுட்ட மாதிரி வீடெல்லாம் தேடறாரு. என்ன தேடறீங்கன்னு கேட்டா தெரியலங்கறாரு. என்னால பாக்க முடியல."

"இனிமே கொண்டு வரல அண்ணி."

"மன்னிச்சுக்கோ."

"நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்கறீங்க?" என்றாள் லோம்பே. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் அழுதாள். பக்கத்தில் நின்ற பெண் எந்த வீட்டுச் சாவு என்று விசாரித்தாள்.

தன்னால் ஆனதைச் செய்து பார்த்தாள். முதல் திருத்தத்தில், குறிகளைத் துடைக்கவே துடைக்காதே என்று எழுதினாள். இறந்தவர்கள் வருவது நின்றது. கசுபா நன்றி சொல்லிப் பேசினான். அந்த மாதம் லோம்பே கொஞ்சம் தூங்கினாள். பிறகு மற்ற இடங்களிலிருந்து புகார் வரத் தொடங்கியது. பெரிய மாவட்டங்களில் குறிகள் குவிந்து சின்னப் போன்கள் திணறின. லுபும்பாஷியிலிருந்து இலுங்கா என்பவர் நேரே கூப்பிட்டார். பல வருடமாகத் திருத்தங்கள் அனுப்பிவந்தவர், கெட்டிக்காரர், நாக்கில் தேள் வைத்திருப்பவர்.

"அம்மணி, தட்டம்மை முகாம் நடக்குது. வரிசையில தாய்மாருங்க வெயில்ல நிக்கறாங்க. எங்க ஆளுங்க கையில போன் கல்லு மாதிரி கெடக்குது. உங்க ஊர்ல செத்தவங்க எழுந்திரிக்காம இருக்கறதுக்காக எங்க ஊர்ல உசுரோட இருக்கறவங்க காத்துக் கெடக்கணுமா?"

"வேற வழி எனக்குத் தெரியல இலுங்கா. உங்களுக்குத் தெரிஞ்சா எழுதுங்க, சேர்த்துக்கறேன்."

"நானும் அந்தக் கோப்பப் படிச்சேன்" என்றார், குரல் இறங்கி. "எனக்கும் பிடிபடல. அந்த மனுஷன் எப்படி இருக்காரு?"

"கடல உடைக்கிறாரு."

அந்தத் திருத்தத்தைத் திரும்பப் பெற்றாள். அடுத்து, நெடுநாள் அணைந்திருந்த போன் சொல்வதை ஏற்காதே என்று எழுதினாள். இறந்தவர்கள் வரவில்லை, போன்களும் திணறவில்லை. ஆனால் அந்தப் போன்கள் அணைந்துபோவதற்குமுன் அவற்றில் பதிந்திருந்த புதுப் பிறப்புகள் எங்கும் சேராமல் காணாமல் போயின. மலாவியில் ஒரு ஊரில் பிறந்த குழந்தைகளை யாரும் தேடிப் போகவேயில்லை என்று அங்கிருந்த தாதி ஒருத்தி எழுதினாள். எழுத்தில் கோபமில்லை. இது சரியா என்று மட்டும் கேட்டிருந்தாள். லோம்பே அதையும் திரும்பப் பெற்றாள்.

"செத்தவங்கள வெச்சுக்கவா, பொறந்தவங்கள விடவா, இதுதான் கேள்வி" என்று அண்ணனிடம் சொன்னாள். கரியடுப்பில் கபெந்தா மீன் பொரிந்துகொண்டிருந்தது.

கபாசோ இந்த முறை கேலி பண்ணவில்லை. "சுரங்கத்துல காத்து வர்ற வழி ஒண்ணு இடிஞ்சா, அந்த மட்டத்தையே மூடிட்டு மேல வந்துடுவோம்" என்றான். "மூடிடேன் தங்கச்சி."

அவள் மூடவில்லை. ஆனால் மற்றவர்கள் போனார்கள். கன்டெம்பாவை அதிகம் பயன்படுத்திய வெளிநாட்டு அமைப்பு ஒன்று வேறொரு தரவுத்தளத்துக்கு மாறியது. அதன் பொறியாளர்கள் அனுப்பிவந்த திருத்தங்களும் அதோடு நின்றன. இலுங்கா ஒரு மரியாதையான விடைபெறும் செய்தி எழுதினார். லுஃப்வான்யாமாவில் போன்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு காகிதத்துக்குப் போய்விட்டார்கள். கசுபா தொலைபேசியில் சொன்னான்.

"பானா சோலா என்ன சொல்றா?"

"காகித மூட்டை கனமா இருக்குன்னு திட்டறாங்க. ஆனா பேனாவால அடிச்ச பேரு எந்திரிச்சு வர்றதில்லயாம். அதுவே போதும்ங்கறாங்க."

"சரிதான்."

"அக்கா, நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

"இல்ல கசுபா."

கடைசியில், கன்டெம்பாவின் முகப்பில் தடித்த எழுத்தில் ஒரு அறிவிப்பு எழுதினாள். பதிவுகளை ஒன்றாக்கும் பகுதியை நம்ப வேண்டாம், அதைப் புரிந்தவர் இப்போது யாருமில்லை, மனிதர்களைப் பற்றிய பதிவுகளுக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று. சிபாஷாவின் பெயரையும் தன் பெயரையும் கீழே போட்டாள். யாரோ ஒருவர் வருத்தம் தெரிவித்தார். இன்னொருவர் அறிவிப்பைப் படிக்காமலே, தேதிகளை வேறு வடிவத்தில் காட்ட வசதி செய்து தருவீர்களா என்று கேட்டிருந்தார்.

பல மாதம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. தங்கனிக்கா ஏரியின் மேற்குக் கரையில் ஒரு சின்ன மருத்துவமனை. எழுதியவர் சாஃபி என்கிற செவிலியர். பெயர்கள் திரும்பி வருகின்றன, நாங்கள் எங்கேயாவது தவறு செய்கிறோமா என்று கேட்டிருந்தார். அவர்களிடம் இருந்தது மிகப் பழைய பதிப்பு. யாரோ ஒரு தொண்டு நிறுவனத்தார் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அறிவிப்பு, திருத்தம், திரும்பப் பெற்றது எதுவும் அந்தக் கரையை எட்டவில்லை.

லோம்பே உடனே பதில் எழுதினாள். தவறு உங்களுடையது இல்லை, எங்களுடையது, தயவுசெய்து நிறுத்திவிடுங்கள், காகிதத்துக்குப் போய்விடுங்கள் என்று.

சாஃபியின் பதில் சுருக்கமாக இருந்தது. "நன்றி. எங்களிடம் காகிதமும் இல்லை, வேறு எதுவும் இல்லை. சண்டை நடக்கும் இடம் இது. இதையே தொடர்கிறோம்."

அந்தப் பதிலைச் சில நாள் அப்படியே விட்டுவைத்தாள். பிறகு, தொண்டர்கள் வெளியே கிளம்புமுன் அந்த வாரம் போகவேண்டிய பெயர்களையும், இதுவரை அழித்த பெயர்களையும் தனக்கு அனுப்பும்படி எழுதினாள்.

இப்போது திங்கட்கிழமைகளில், மின்சாரம் இருந்தால், அந்தப் பெயர்கள் வருகின்றன. முன்பு அழித்ததாக அவர்கள் சொன்ன பெயர்களோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்து, போனவர்களை எடுத்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறாள். அவள் பார்த்திராத ஊர், பார்த்திராத பிள்ளைகள். அடுத்த வாரம் அதே பெயர்கள் சில மறுபடி வரும். மறுபடி எடுப்பாள். சில திங்கள்களில் மின்சாரம் இருப்பதில்லை. அந்த நாட்களில் ஏரிக்கரையில் தொண்டர்கள் அவள் பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்ப்பார்கள், பிறகு கையில் உள்ள பெயர்களோடு கிளம்பிவிடுவார்கள்.